அம்பயரையும் கோச்சையும் ஒரே அறையில் உட்காரவையுங்கள்

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். என் மகன் எங்கள் ஊர் லிட்டில் லீக்கில் (சிறுவர் பேஸ்பால் அமைப்பு) பத்து வயதுக்காரர்கள் அணியில் ஆடுகிறான். லீக் கூட்டங்களுக்குத் தவறாமல் போனதற்குப் பரிசாக, ஜூலையில் நடக்கும் எட்டு அணி டோர்னமென்ட்டுக்கு அம்பயர்களையும் கோச்களையும் தயார் செய்யும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரே சனி, ஞாயிறில் எல்லா ஆட்டங்களையும் முடிப்பதாகத் திட்டம். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அம்பயர்களாக மூன்று பெரியவர்களும் ஆறு ஹைஸ்கூல் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கோச்களில் பாதிப்பேர் நம் ஊர் அப்பாக்கள், கிரிக்கெட்டில் ஊறியவர்கள். போன வருடம் ஒரு கோச் கத்திய கத்தலில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி ஆட்டம் முடிந்ததும் காருக்குள் உட்கார்ந்து அழுதாள். இந்த வருடம் அவள் வரவில்லை. எனக்குப் பேஸ்பால் அரைகுறையாகத்தான் தெரியும். எங்கிருந்து தொடங்குவது? அம்பயர்களுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது, கோச்களுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

— வாசகி, நியூ ஜெர்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அம்பயர்களுக்கு ஒரு வகுப்பு, கோச்களுக்கு ஒரு வகுப்பு என்று பிரித்து யோசிக்கிறீர்கள். பல லீக்குகள் அப்படித்தான் செய்கின்றன, வினையே அங்குதான் தொடங்குகிறது. அம்பயர் ஒரு விதியைப் படித்துவிட்டு வருவார். கோச் தன் அப்பாவிடமோ டிவியிலோ கேட்ட வேறொன்றை விதி என்று நம்பிக்கொண்டு வருவார். இருவரும் முதல்முறையாக அதைப் பற்றிப் பேசுவது கடைசி இன்னிங்ஸில், ரன்னர்கள் ஒவ்வொன்றாகத் தொட்டு ஓடும் மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது, ஐம்பது பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அந்தப் பேச்சை இரண்டு வாரம் முன்னாலேயே, ஒரு நூலக அறையில் பீட்சா வைத்து நடத்திவிடுங்கள். உங்கள் வேலையில் முக்கால் பங்கு அதோடு முடிந்துவிடும்.

அதற்கு முன் காகித வேலை. இதைத் தள்ளிப்போட்டால் முதலுக்கே மோசம். லீக்கின் வழக்கமான பருவத்துக்கு வெளியே நடத்தும் டோர்னமென்ட்டுக்கு லிட்டில் லீக்கின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் உங்கள் லிட்டில் லீக் மாவட்ட நிர்வாகி வழியாக, கனெக்டிகட் மாநிலம் பிரிஸ்டலில் இருக்கும் கிழக்குப் பிராந்திய அலுவலகத்துக்குப் போகும். லீக் தலைவர் விண்ணப்பித்துவிட்டாரா என்று இன்றே கேளுங்கள். பிள்ளைகளோடு பழகும் பெரியவர்கள் எல்லோருக்கும் பின்னணிச் சோதனை கட்டாயம், அம்பயர்களும் இதில் அடக்கம். குழந்தைகள் மீதான அத்துமீறலைக் கண்டறியும் பயிற்சியும் கட்டாயம். 2018இல் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டப்படி, சந்தேகம் எழுந்தாலே 24 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் சொல்லியாக வேண்டும். லீக் தலைவரிடம் சொன்னால் போதும் என்று நினைத்திருக்கும் கோச்கள் நிறையப் பேர்.

நியூ ஜெர்சிக்கென்று இன்னொன்று உண்டு. சம்பளம் வாங்காமல் உழைக்கும் கோச்களுக்கும் ஆட்ட அதிகாரிகளுக்கும் வழக்கிலிருந்து ஓரளவு பாதுகாப்புத் தரும் சட்டம் உங்கள் மாநிலத்தில் 1986 முதல் இருக்கிறது. ‘லிட்டில் லீக் சட்டம்’ என்றே அதற்குப் பெயர். ஆனால் அந்தப் பாதுகாப்பு சும்மா கிடைக்காது. அரசு வகுத்த தரத்தில் ஒரு பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் நடத்தும் மூன்று மணி நேர ‘சேஃப்டி கிளினிக்’ இதற்கென்றே உள்ளது. முடித்தவர், முடிக்காதவர் பட்டியலை எடுங்கள். முடிக்காத அப்பாக்களிடம் “இது விளையாட்டு விஷயமில்லை, உங்கள் வீட்டு விஷயம்” என்று சொல்லுங்கள். ஓடிப்போய்ப் பதிவு செய்வார்கள்.

இனி அந்த நூலக அறைக்கு வருவோம். எல்லோர் கையிலும் ஒரே ஒரு தாள் இருக்கட்டும். விதிப்புத்தகம் முழுவதையும் யாரும் படிக்கமாட்டார்கள், ஒரு பக்கம் என்றால் படிப்பார்கள். டோர்னமென்ட்டுக்கு டோர்னமென்ட், வயதுக்கு வயது மாறுபடுபவை மட்டும் அதில் இருந்தால் போதும். எத்தனை நிமிடத்துக்குப் பிறகு புதிய இன்னிங்ஸ் தொடங்கக்கூடாது. பேட்டருக்குப் பின்னால் நிற்கும் கேட்சர் பிடிக்காமல் விட்ட மூன்றாவது ஸ்ட்ரைக்கில் (பேட்டருக்கு எதிராக எண்ணும் பந்து; மூன்றானால் அவுட்) பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாமா. மூன்றாவது இன்னிங்ஸில் 15 ரன், நான்காவதில் 10 ரன் முன்னிலை என்றால் ஆட்டத்தை முடித்துவிடுவது. பந்து வேலிக்கு அடியில் போய்ச் சிக்கினால் என்ன. மாவட்ட நிர்வாகியிடம் காட்டிச் சரிபார்த்துவிட்டுத் தேதி போட்டு அச்சடியுங்கள். அதன்பின் யார் கேட்டாலும் மாற்றாதீர்கள்.

தாளை வாசித்து முடித்ததும் பொய் விதிகளுக்கு ஒரு அரைமணி ஒதுக்குங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மைதானத்தில் சண்டை வருவது கடினமான விதிகளால் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, இல்லாத விதிகளால்தான் வருகிறது. அதில் முதலிடம் “கை பேட்டின் ஒரு பகுதி” என்பதற்கு. நம் ஊர் அப்பாக்கள் இதில் மற்றவர்களைவிட உறுதியாக நிற்பார்கள், காரணமும் இருக்கிறது. கிரிக்கெட்டில் மட்டையைப் பிடித்திருக்கும் கையும் உறையும் மட்டையாகவே கணக்கு. கையுறையில் உரசிய பந்து கீப்பரிடம் போனால் அவுட். பேஸ்பாலில் கை என்பது உடம்பு. வீசிய பந்து பேட்டர் விரலில் பட்ட நொடியே ஆட்டம் நிற்கும். அவன் பேட்டைச் சுழற்றாமல், ஒதுங்கப் பார்த்தும் பட்டிருந்தால் முதல் பேஸ் அவனுக்கு. சுழற்றும்போது பட்டால் ஸ்ட்ரைக், பேஸ் கிடையாது. பந்து எங்கே உருண்டு போனாலும் கவலையில்லை. ஒரு அப்பாவை நிற்கவைத்து, கையில் பேட்டைக் கொடுத்து, ஒரு டென்னிஸ் பந்தை அவர் விரல்மேல் தட்டிக் காட்டுங்கள். “இப்போ என்ன?” என்று கேளுங்கள். அறை இரண்டாகப் பிரிந்து கத்தும். அந்தக் கத்தல் அங்கேயே தீர்ந்துபோவது நல்லது.

“டை ஆனால் ரன்னருக்குத்தான்” என்பதும் அப்படித்தான், விதிப்புத்தகத்தில் அந்த வாக்கியமே இல்லை. பேட்டர் முதல் பேஸைத் தொடும் முன் அவனையோ பேஸையோ பந்தோடு தொட்டால் அவுட் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆகவே அம்பயர் மனதில் ஓடவேண்டிய கேள்வி ‘பந்து முந்தியதா’ என்பது மட்டுமே. முதல் பேஸைத் தாண்டி ஓடியவன் இடப்பக்கம் திரும்பிவிட்டாலே அவுட் என்பது இன்னொன்று. அவன் இரண்டாவது பேஸுக்குப் போக முயன்றால்தான் அவனைத் தொட்டு அவுட்டாக்கலாம். எந்தப் பக்கம் திரும்பினான் என்பது பொருட்டே இல்லை.

கிரிக்கெட்டில் இருந்து வருபவர்களுக்கு இன்னொரு பழக்கத்தையும் மறக்கடிக்க வேண்டும். அங்கே கேட்டால்தான் அவுட். இங்கே அம்பயர் ஒவ்வொரு பந்துக்கும் தானாகவே தீர்ப்புச் சொல்லுவார். மிகச் சில சந்தர்ப்பங்களில்தான், உதாரணமாக ரன்னர் பேஸை மிதிக்காமல் போனால், ஃபீல்டிங் அணி கேட்கவேண்டும். பத்து வயதுப் பையன்கள் ஒன்பது பேரும் ஒவ்வொரு பந்துக்கும் அம்பயரைப் பார்த்துக் கையைத் தூக்கிக் கத்துவதைக் கோச் ஊக்குவித்தால், இரண்டாவது இன்னிங்ஸிலேயே எதிர் அணிப் பெற்றோர் பொறுமை இழந்துவிடுவார்கள். அது அங்கே ஆட்டத்தின் அங்கம், இங்கே மரியாதைக் குறைவு.

தடுப்பு விதியையும் அந்த அறையிலேயே பேசிவிடுங்கள். லிட்டில் லீக்கில், பந்து கையில் இல்லாத ஃபீல்டர் ரன்னரின் பாதையை மறித்து நிற்கக்கூடாது. ‘பந்து வந்துகொண்டிருந்தது, பிடிக்கப் போனேன்’ என்பது சமாதானம் ஆகாது. பந்தைப் பிடிக்கும் முன்பே, ரன்னர் கடைசியாகத் தொடவேண்டிய ஹோம் பிளேட்டின் குறுக்கே முழங்காலை மடித்து உட்காரும் கேட்சர்கள் எல்லா அணியிலும் இருப்பார்கள்; பெரிய லீக் ஆட்டங்களைப் பார்த்துக் கற்றது. கோச்கள் அதைப் பயிற்சியிலேயே திருத்தட்டும். அதேபோல ரன்னர் தலைகுப்புறப் பாய்வது இந்த வயதுப் பிரிவில் கூடாது. முன்னோக்கி ஓடும்போது அப்படிப் பாய்ந்தால் அவுட். விட்ட பேஸுக்குத் திரும்பும்போது மட்டும் பரவாயில்லை.

நீங்கள் கேட்காத, ஆனால் எனக்கு மிகக் கவலையளிக்கும் விஷயம் ஒன்று: உங்கள் அட்டவணை. ஒரே சனி, ஞாயிறில் எட்டு அணிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு நான்காக இரண்டு பிரிவு, பிறகு அரையிறுதி, இறுதி என்று வைத்தால் இறுதிக்குப் போகும் அணி இரண்டு நாளில் ஐந்து ஆட்டம் ஆடும். இனி பிட்ச்சிங் கணக்கைப் பாருங்கள். பத்து வயதுப் பையன் ஒரு நாளில் அதிகபட்சம் 75 பந்து வீசலாம். 66க்கு மேல் வீசினால் நான்கு நாள் ஓய்வு, 51 முதல் 65 வரை மூன்று நாள், 36 முதல் 50 வரை இரண்டு நாள், 21 முதல் 35 வரை ஒரு நாள். 20க்குள் நிறுத்தினால்தான் மறுநாள் வீசலாம். ஒரே நாளில் இரண்டு ஆட்டத்தில் வீசவும் கூடாது.

அதாவது, சனிக்கிழமை 21 பந்து வீசிய எந்தப் பையனும் ஞாயிற்றுக்கிழமை பிட்ச்சர் இல்லை. இந்த வயதில் ஆறு இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஒரு அணி நூறு பந்துக்கு மேல் வீசுவது சாதாரணம். சனிக்கிழமை மூன்று ஆட்டத்துக்கு ஐந்தாறு பேர், ஞாயிறு இரண்டு ஆட்டத்துக்கு வேறு மூன்று நான்கு பேர் வேண்டும். பன்னிரண்டு பேர் அணியில் ஒன்பது பிட்ச்சருக்கு எங்கே போவது? இல்லாதபோது கோச் என்ன செய்வார் என்று உங்களுக்கே தெரியும். கணக்கை மறப்பார். முடிந்தால் தலைவரிடம் பேசி டோர்னமென்ட்டை இரண்டு வார இறுதிக்கு நீட்டுங்கள்: முதல் வாரம் பிரிவு ஆட்டங்கள், அடுத்த சனி அரையிறுதியும் இறுதியும். முதல் சனியன்று 75 பந்து வீசியவன்கூட நான்கு நாள் ஓய்ந்து வியாழனன்றே தயாராகிவிடுவான். மைதானம் கிடைக்காது என்றால், அணிக்கு இரண்டு ஆட்டத்தோடு பிரிவுச் சுற்றை முடியுங்கள். கோப்பை சின்னதானாலும் தப்பில்லை.

லிட்டில் லீக் 2007 முதல் இந்தப் பந்துக் கணக்கை அமல்படுத்துகிறது. அதற்கு முன் இன்னிங்ஸ் கணக்குதான். ஒரு இன்னிங்ஸில் எட்டு பந்தும் வீசலாம், நாற்பதும் வீசலாம். முழங்கையின் தசைநாருக்கு அந்த வித்தியாசம் தெரியும். 1974இல் டாமி ஜான் என்ற பிட்ச்சருக்குச் செய்து, அவர் பெயராலேயே இன்றுவரை வழங்கும் முழங்கை அறுவைச் சிகிச்சை, ஒரு காலத்தில் முப்பது வயதுத் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கானது. இப்போது ஹைஸ்கூல் பிள்ளைகளும் செய்துகொள்கிறார்கள்.

கோச்களுக்கு எண்கள் தெரியும். அவற்றின் ஓரங்கள்தான் தெரியாது, வாய்த்தகராறு வருவது ஓரங்களில்தான். 20வது பந்தை ஒரு பேட்டருக்கு வீசிக்கொண்டிருக்கும்போது எட்டினால், அந்த பேட்டரை முடிக்கும்வரை வீசலாம். 24 ஆனாலும், அடுத்த பேட்டருக்கு ஒரு பந்துகூட வீசாமல் அவனை எடுத்துவிட்டால், 20க்கான சலுகை நிற்கும். அடுத்தவனுக்கு ஒரு பந்து வீசினாலும் போயிற்று. கேட்சர் விஷயம் இன்னும் சிக்கல். நான்கு இன்னிங்ஸ் கேட்சராக நின்றவன் அன்று பிட்ச் செய்யக்கூடாது. நான்காவது இன்னிங்ஸில் ஒரு பந்து பிடித்திருந்தாலும் நான்காகவே கணக்கு. 41 பந்து வீசியவன் அன்று கேட்சராகக்கூடாது. மூன்று இன்னிங்ஸ் வரை கேட்ச் செய்துவிட்டு வந்து 21 பந்து வீசியவனும் மறுபடி கேட்சராகப் போகக்கூடாது. சிறந்த கையுள்ள பையனைத்தான் எல்லா அணியும் இந்த இரண்டு இடத்திலும் வைத்திருக்கும். வியாழக்கிழமையே கோச்களை உட்காரவைத்து, யார் எந்த ஆட்டத்தில் எங்கே என்று தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பந்தை எண்ணுவது அம்பயர் வேலை அல்ல. இரண்டு அணிக்கும் பொதுவாக ஒரு ஆள், கையில் கிளிக்கரோடு, பிளேட்டுக்குப் பின்னால் உட்காரட்டும். ஒவ்வொரு அரை இன்னிங்ஸ் முடிந்ததும் அவர் இரண்டு டக்-அவுட்டுக்கும் (அணிகள் உட்காரும் இடம்) எண்ணைச் சொல்லவேண்டும், இரு பக்கமும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் முடிந்ததும் இரு அணி மேனேஜர்களும் (தலைமைக் கோச்கள்) கையெழுத்துப் போடட்டும். கோட்டுக்கு வெளியே அடித்த ஃபவுலும் வீசிய பந்துக் கணக்கில் சேரும் என்பதை எண்ணுபவருக்கு ஒருமுறை சொல்லிவிடுங்கள், சிலர் விட்டுவிடுவார்கள்.

அம்பயர் பயிற்சிக்கு ஒரு சனிக்கிழமைக் காலை இரண்டு மணி நேரம் போதும். வகுப்பறை வேண்டாம், மைதானத்தில். லிட்டில் லீக் தளத்தில் இலவசப் பயிற்சி வீடியோக்கள் இருக்கின்றன, அவற்றை வீட்டில் பார்த்துவிட்டு வரட்டும். மைதானத்தில் செய்யவேண்டியதில் பெரும்பகுதி ஒரே ஒரு விஷயம்: பொறுத்துச் சொல்வது.

புதிய அம்பயரைப் பாருங்கள். தரையில் உருண்ட பந்தை ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டர் எடுத்து எறிகிறான். முதல் பேஸ்மேன் காலை நீட்டிப் பிடிக்கிறான். பந்து பட்ட சத்தம் கேட்டதும் அம்பயர் முஷ்டி மேலே போய்விடுகிறது: “அவுட்!” அதற்குப் பிறகுதான் பந்து கையுறையின் விளிம்பிலிருந்து நழுவிப் புழுதியில் விழுகிறது. இப்போது அந்த அம்பயர் தன் தீர்ப்பை எல்லோர் முன்னாலும் திருப்பிச் சொல்லவேண்டும். கோச் வெளியே வர அதுபோதும். இதை மாற்ற ஒரே வழி, மூன்று பேரை வைத்துத் திரும்பத் திரும்ப ஆடவைப்பது: ஒருவர் எறிய, ஒருவர் பிடிக்க, ஒருவர் ஓட. அம்பயர் கண் பேஸில், ரன்னர் பாதம் படும் இடத்தில், காது கையுறையில். எது முந்தியது என்று தெரிந்தபின் கண்ணை நிமிர்த்திக் கையுறைக்குள் பந்து பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதன்பிறகுதான் கை. நடுநடுவே பிடிப்பவரை வேண்டுமென்றே பந்தை நழுவவிடச் சொல்லுங்கள். இருபது முப்பது தடவையில் கை தானாக அடங்கும்.

அடுத்தது நிற்கும் இடம். கிட்டே ஓடுவதைவிடக் கோணம் முக்கியம். டேக் (ரன்னரைப் பந்தோடு தொடுவது) விழும் இடைவெளி தெரியும்படி பத்தடி தள்ளி நின்றவர், ஃபீல்டரின் முதுகுக்குப் பின்னால் மூன்றடியில் நின்றவரைவிட நன்றாகப் பார்ப்பார். ஓடிக்கொண்டே தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆட்டம் நடக்கும் நொடியில் கால் நின்றிருக்க வேண்டும். பிளேட்டுக்குப் பின்னால் நிற்பவர் கேட்சருக்கு நேர் பின்னால் நிற்காமல், கேட்சருக்கும் பேட்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில், மோவாய் கேட்சர் தலைக்குச் சமமாக இருக்கும்படி குனியட்டும். வெளிப்பக்க ஓரம் அப்போதுதான் தெரியும்.

பேட்டர் அடிக்காமல் விட்ட பந்தும் ஸ்ட்ரைக்காகும் எல்லையைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். விதிப்படி அக்குளிலிருந்து முழங்காலின் மேல்பகுதி வரை, 17 அங்குல பிளேட்டின் மேல். பந்தின் ஒரு ஓரம் அதில் பட்டாலும் ஸ்ட்ரைக். பத்து வயதில் இதை டிவி ஆட்டம்போல் கறாராகப் பார்த்தால் ஒருவரும் அடிக்கமாட்டார்கள், எல்லோரும் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போவார்கள், ஃபீல்டர்கள் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். சந்தேகம் வந்தால் ஸ்ட்ரைக் என்று சொல்லும் அம்பயர்களையே எனக்குப் பிடிக்கும். ஆனால் முதல் இன்னிங்ஸில் சொன்னதை ஆறாவதிலும் சொல்லவேண்டும், இரண்டு அணிக்கும். கோச்கள் முன்னிலையில் இதை அந்த நூலக அறையிலேயே அறிவித்துவிடுங்கள். ‘பேட்டைச் சுழற்றச் சொல்லிக்கொடுங்கள்’ என்பதே அதன் பொருள் என்று அவர்களுக்குப் புரியும்.

குரலும் சைகையும் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். தயங்கிச் சொன்ன சரியான தீர்ப்பை, உரக்கச் சொன்ன தவறான தீர்ப்பைவிட அதிகமாக எதிர்ப்பார்கள். ஃபவுல் என்றால் இரண்டு கையும் மேலே, குரலோடு. ஃபேர் என்றால் மைதானத்தை நோக்கிக் கை மட்டும், குரலே கூடாது. ஃபேர் என்று கத்தினால் பாதிப்பேர் காதில் ஃபவுல் என்று விழும், ரன்னர் நின்றுவிடுவான். பிள்ளைகளை அவுட்ஃபீல்ட் வேலியருகே வரிசையாக நிறுத்தி, ஹோம் பிளேட்டில் நிற்கும் உங்களுக்குக் கேட்கும்படி கத்தச் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிடம் சிரிப்பார்கள். பிறகு போட்டி போட்டுக் கத்துவார்கள்.

ஆள் ஒதுக்கீட்டில் ஒரு பெரியவர், ஒரு பிள்ளை என்று ஜோடி சேருங்கள். இரண்டு பதினைந்து வயதுக்காரர்களை ஒன்றாக அனுப்பாதீர்கள். தன் பிள்ளையோ தம்பியோ ஆடும் ஆட்டத்தில் யாரும் அம்பயர் இல்லை. ஜூலை வெயிலில் மாஸ்க், மார்புக் கவசம், கால் கவசத்தோடு தொடர்ந்து இரண்டு ஆட்டம் பிளேட்டில் நிற்கவைக்காதீர்கள், மூன்று பெரியவர்கள்தான் இருக்கிறார்கள் என்பதற்காக அவர்களை வாட்டவேண்டாம். மாவட்டத்தில் வேறு லீக்குகளிடம் கேட்டால் ஆள் தருவார்கள். அடுத்த மாதம் நீங்கள் திருப்பித் தரவேண்டியிருக்கும்.

நம் ஆட்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. மைதானத்துக்குள் தமிழ் வேண்டாம். அம்பயர் நம் ஊர்க்காரராக இருந்து, ஒரு கோச் அவரை “அண்ணா, அது ஸ்ட்ரைக்தானே?” என்று கேட்டு, அவரும் தமிழில் பதில் சொன்னால், எதிர் டக்-அவுட்டில் இருப்பவருக்கு என்ன தோன்றும்? பேசியது தண்ணீர் பாட்டிலைப் பற்றியாகவே இருக்கட்டும். அடுத்த நெருக்கமான தீர்ப்பு அவர் கண்ணில் பாரபட்சம்தான். வேலிக்கு வெளியே மாமா, அண்ணா எல்லாம் தாராளமாக. உள்ளே ‘அம்பயர்’, ‘கோச்’.

இனி அந்தப் பெண்ணின் விஷயம். அவள் அழுததற்குக் கத்திய கோச் மட்டும் காரணமில்லை. அவர் கத்தும்போது வேலிக்கு அந்தப்பக்கம் நின்றிருந்த பெரியவர்கள் ஒருவரும் உள்ளே வரவில்லை என்பதும் காரணம். பதினைந்து வயதுப் பிள்ளை நாற்பது வயது மனிதரை வெளியேற்றும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. அதிகாரம் விதிப்புத்தகத்தில் இருக்கிறது, தைரியம் எங்கிருந்து வரும்? ஆகவே பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பாடம் கொடுங்கள்: குரல் உயர்ந்தால் இரண்டு கையையும் தூக்கி “டைம்” சொல்லிவிட்டு, பிளேட் அம்பயரிடம் நடந்துபோய்விடு. வாதாடாதே. ஒவ்வொரு மைதானத்திலும் தனி நிறச் சட்டை போட்ட ஒரு பெரியவர் நிற்கவேண்டும், அவர் எந்த அணிக்கும் அப்பா அல்ல. டைம் கேட்டதும் உள்ளே வருவது அவர் வேலை.

கோச்களுக்கு: அம்பயரிடம் பேசும் உரிமை மேனேஜர் ஒருவருக்கே, அதுவும் டைம் கேட்டு, நடந்து வந்து. பந்து முந்தியதா, ஸ்ட்ரைக்கா, டேக் பட்டதா என்பதெல்லாம் அம்பயர் கண்ணால் கண்டு தீர்மானிப்பது, அதில் முறையீடு கிடையாது. விதியைத் தவறாகப் பயன்படுத்தினார் என்றால் மட்டும் கேட்கலாம். அதையும் அப்போதே, அடுத்த பந்து வீசும் முன் கேட்கவேண்டும். அம்பயர்கள் கூடிப் பேசுவார்கள், தீராவிட்டால் உங்களிடம் வரும். அந்த நேரத்தில் கையிலிருக்கும் ஒரு பக்கத் தாளும், மாவட்ட நிர்வாகியின் தொலைபேசி எண்ணும் போதும், உங்களுக்குப் பேஸ்பால் அரைகுறையாகத் தெரிவது ஒரு குறையே அல்ல.

பெற்றோரைப் பொறுத்தவரை உங்கள் மாநிலத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2023இல் டெப்ட்ஃபோர்ட் டவுன்ஷிப் லிட்டில் லீக்கில் அம்பயர்கள் இருவர் வசவு தாங்காமல் விலகிக்கொண்டார்கள். லீக் ஒரு விதி கொண்டுவந்தது: அம்பயரைத் திட்டிய பார்வையாளர் மூன்று ஆட்டங்களுக்கு அம்பயர் வேலை பார்க்கும்வரை மைதானத்துக்குள் வரக்கூடாது. நாடு முழுவதும் செய்தியாயிற்று. இரண்டு நாள் டோர்னமென்ட்டில் அதை அப்படியே நடத்தமுடியாது. ஆனால் அந்தச் செய்தியைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, கீழே எதுவும் எழுதாமல் விடுங்கள்.

பாதுகாப்பில் பேச்சுக்கு இடமில்லாதவை சில. இடி கேட்டால் எல்லோரும் கார்களுக்கோ கட்டடத்துக்கோ போகவேண்டும், டக்-அவுட் ஒதுங்குமிடம் ஆகாது. கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் திரும்பலாம், நடுவில் ஒன்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து. தலையில் அடிபட்டுக் குழம்பிய பையன் அன்று திரும்ப ஆடக்கூடாது, மருத்துவர் எழுதித் தரும்வரை பிறகும்தான்; அவன் அப்பாவே கோச்சாக இருந்தாலும். மார்பில் பந்து பட்டுச் சிறுவன் சுருண்டு விழுந்தால் அது மூச்சடைப்பு என்று காத்திருக்காதீர்கள். இதயம் நின்றிருக்கலாம், நல்ல ஆரோக்கியமுள்ள பிள்ளைக்கும் இது நேரும். டீஃபிப்ரிலேட்டர் கருவி எங்கே மாட்டியிருக்கிறது, அந்தப் பெட்டிக்குப் பூட்டு உண்டா, சாவி யாரிடம் என்பதை இந்த வாரமே நேரில் போய்ப் பாருங்கள். பேட்களைப் பரிசோதிக்கும்போது யூஎஸ்ஏ பேஸ்பால் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். 2018 முதல் அதுதான் செல்லும். பிற டோர்னமென்ட்டுகளில் ஆடும் பையன்கள் வேறு முத்திரை பேட்டைத் தெரியாமல் கொண்டுவருவார்கள். ஹெல்மெட்டில் விரிசல் இல்லையா, கேட்சர் மாஸ்க்கில் தொங்கும் தொண்டைக் கவசம் இருக்கிறதா, இரண்டையும் அம்பயர் முதல் பந்துக்கு முன் பார்த்துவிடட்டும்.

உங்கள் லீக்கில் பிள்ளைகளுக்குச் சம்பளம் உண்டென்றால் அன்றன்றே கவரில் போட்டுக் கையில் கொடுங்கள், அடுத்த மாதம் செக் அனுப்புவதாகச் சொல்லவேண்டாம். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் கூட நின்ற பெரியவர் அவர்களிடம் நன்றாகச் செய்த ஒன்றையும் திருத்தவேண்டிய ஒன்றையும் சொல்லட்டும், ஐந்து நிமிடம் போதும். போன வருடத்துப் பெண்ணுக்கு நீங்களே போன் செய்யுங்கள், அவள் அம்மாவிடமும் பேசுங்கள். அம்பயராக வரச் சொல்லவேண்டாம். பந்து எண்ணும் கிளிக்கரோடு பிளேட்டுக்குப் பின்னால் உட்கார வருகிறாயா என்று மட்டும் கேட்டுப்பாருங்கள்.

ஒரு பக்கத் தாளை எழுதியதும் எனக்கும் அனுப்பிவையுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.